அறளை என்னும் சொல்லும் முதியோர் உளநோயும்

விழா மலர்களிற் கட்டுரை வரைவோர் கல்லூரியின் பழம்பெருமை பேசுதலும், அதிபர்கள் வழிவழி ஆற்றிய தொண்டுகளைத் தொகுத்துரைத்தலும் மரபாகும். தமிழாசிரியராகிய எம்மிடத்து மலர்க்குழுவினர் எதிர்பார்த்ததும் இலக்கியம் பற்றியதோர் ஆராய்ச்சியே. எனினும், இவ்விழாவின் பொருட்டு யாம் மேற்கொண்ட ஒரு சிறு பணி எம்மை வேறொரு பொருளின்பாற் செலுத்திவிட்டது. அதனை முதற்கண் கூறுதல் பொருந்தும்.

யூபிலி ஆண்டின் தொடக்கவிழாவுக்குரிய அழைப்பிதழ்களை மூத்த பழைய மாணவர்க்கும் இளைப்பாறிய ஆசிரியர்க்கும் நேரிற் கொண்டுசென்று கொடுத்தல் வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். எமக்கென ஒதுக்கப்பட்ட வீடுகளுள் ஒன்று, எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகையின் வீடு. பரிசளிப்பு விழாத்தோறும் முன்வரிசையில் அமர்ந்து, பரிசு பெறும் மாணவன் ஒவ்வொருவனுடைய தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் அருகிருப்போர்க்குச் சொல்லி மகிழும் அப்பெரியார், சில காலமாக எந்நிகழ்ச்சிக்கும் வரவில்லை. யாம் சென்றபோது விறாந்தையிற் கிடந்த சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருந்தார். வணங்கினோம், அவர் வாய் திறக்கவில்லை. எம்மை எதிர்கொண்ட உறவினர், "அவருக்கு இப்ப அறளை, மாஸ்ரர். கதைச்சுப் பிரயோசனமில்லை. என்னட்டைத் தாங்கோ," என்றார். யாமும் அழைப்பிதழை அவர் கையிற் கொடுத்து, வாசலில் நின்றபடியே கைகூப்பிவிட்டு மீண்டோம். இரண்டு நிமிடமும் ஆகவில்லை.

பின்னர் நிகழ்ந்ததை இறுதியிற் கூறுவோம். அன்று அவ்வுறவினர் வாயிற் பிறந்த அந்த ஒரு சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

சொல்லொன்று, நோய் மூன்று

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில், வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், பெயர் மாறி அழைத்தாலும், காரணமின்றிச் சினந்தாலும், பேசாது வாளாவிருந்தாலும், "அறளை பேர்ந்து போச்சு" என்று கூறிவிடுவோம். இச்சொல்லிற் சிறிது பரிவும் சிறிது நகையும் கலந்திருத்தல் உண்மையே. ஆயின் இச்சொல் செய்யும் தீங்கு யாது? இது நோய்க்கு இடப்பட்ட பெயராக நில்லாது, முடிந்துபோன வழக்குக்கு எழுதப்பட்ட தீர்ப்பாக நிற்கின்றது. காய்ச்சல் என்றால் வைத்தியரை நாடுகின்றோம். இருமல் என்றால் மருந்து தேடுகின்றோம். அறளை என்றால் ஒன்றுஞ் செய்வதில்லை. அது வயதோடு வருவது, வயதோடு போவது என அமைந்துவிடுகின்றோம்.

இக்கால வைத்தியநூலாரோ, நாம் அறளை என்னும் ஒரு மூடையிற் போட்டுக் கட்டிவிடும் நிலைகளை வேறு வேறாகப் பிரித்துக் காண்கின்றனர். அவற்றுள் தலையாயவை மூன்று: ஒன்று மனச்சோர்வு, மற்றொன்று சன்னி, பிறிதொன்று மறதிநோய். இவற்றுள் முன்னைய இரண்டும் பெரும்பாலும் தீர்க்கத்தக்கவை. மூன்றாவது முற்றுந் தீராததாயினும், அதன் துன்பத்தைக் குறைத்தல் கூடும். தீர்க்கத்தக்கதைத் தீராதது எனக் கருதி விட்டுவிடுதல் எத்துணைப் பெரும் இழப்பென்பது சொல்லாமலே விளங்கும்.

இது சிலர்க்கே உரிய செய்தியன்று. இலங்கையின் 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி 65 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 8 பேரளவினர். 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை நூற்றுக்கு 12 பேரைக் கடந்துவிட்டது. உலகில் 70 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் ஏதேனும் ஓர் உளநோயோடு வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆதலின், ஒவ்வோர் ஒழுங்கையிலும் இத்தகையார் ஒருவரேனும் இருத்தல் கூடும். அவர் எம் இல்லத்தவராயிருத்தலும், ஒருநாள் யாமே அவராதலும் கூடும்.

மனச்சோர்வு

இளையோரிடத்து மனச்சோர்வு கண்ணீராயும் துயர்மொழியாயும் வெளிப்படும். முதியோரிடத்தோ அது பெரும்பாலும் உடம்பின் மொழியிற் பேசும். நெஞ்சு பாரமாயிருக்கின்றது, வயிறு எரிகின்றது, கால் உளைகின்றது, உணவு செல்லவில்லை, விடியற்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகின்றது என்பர். வைத்தியர் ஒருவர் மாறி ஒருவரிடஞ் செல்வர். இரத்தப் பரிசோதனையிற் குறையொன்றுங் காணப்படாது. "கவலையோ?" என்று கேட்டால் இல்லை என்பர். "யோசனையோ?" என்று கேட்டால் ஓம் என்பர். எம் மூத்தோர் யோசனை என்னும் சொல்லுள் எத்துணைத் துயரத்தை அடக்கிவைத்துள்ளனர் என்பதை அருகிருந்து கேட்டோரே அறிவர்.

சோர்வுற்ற முதியவரின் கவனமும் நினைவும் மந்தமுறும். எதை வினவினும் "எனக்குத் தெரியாது" என்பார், முயன்றுபார்க்கவும் மனங்கொள்ளார். இதனைக் கண்டோர் அறளை என்பர். மறதிநோய் உடையாரோ தம் மறதியை மறைக்கவே பெரிதும் முயல்வர். ஏதேனும் ஒரு விடையைப் புனைந்து கூறிச் சமாளிப்பர். இவ்வேற்றுமை எப்பொழுதும் பொய்யாததன்று. எனினும் வைத்தியர் கருத்திற் கொள்ளும் குறிகளுள் இதுவும் ஒன்று.

சோர்வை அறிதற்கு இரு வினாக்கள் உதவும். கடந்த ஒரு மாதமாக மனம் தாழ்ந்து, நம்பிக்கையற்றிருந்ததா? முன்பு விருப்போடு செய்தவற்றில் விருப்பம் அற்றுப்போயிற்றா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆம் என விடை வருமாயின், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் தகும். மருந்து உண்டு, ஆறுதலாகப் பேசி வழிப்படுத்தும் உளவளத்துணையும் உண்டு. மருந்து உண்ட மறுநாளே பயன் தோன்றாது. சில கிழமைகள் செல்லும். இதனை அறியாது, பத்து நாளில் மருந்தைக் கைவிடுவோர் பலர். நலம் பெற்ற பின்னரும் வைத்தியர் கூறும் காலம்வரை அதனைத் தொடர்தல் வேண்டும்.

ஈண்டு ஒன்றைக் கூசாது கூறுதல் எம் கடமை. "ஏன் இன்னும் இருக்கிறன்?" என்று முதியவர் ஒருவர் சொல்லுமிடத்து, அதனைக் கிழவர் பேச்செனத் தள்ளிவிடல் ஆகாது. உலகில் தற்கொலையால் இறப்போருள் ஆறில் ஒரு பங்கினர் 70 வயதைக் கடந்தவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தகைய எண்ணம் உண்டோ என்று பரிவோடு நேரே கேட்டல் அவ்வெண்ணத்தைப் புதிதாக விதைத்துவிடாது. மாறாக, சுமையை இறக்கிவைக்க இடந்தரும். தோட்டத்துக்குத் தெளிக்கும் மருந்தை வீட்டினுட் பூட்டின்றி வையாதிருத்தலும், மிகுந்துபோன மாத்திரைகளைச் சேர்த்து வையாதிருத்தலும் வேண்டும். எம் நாட்டில் 1995 ஆம் ஆண்டளவில் உச்சநிலையடைந்திருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் பெரிதுங் குறைந்தமை, உயிர்க்கொல்லிப் பொருளை எட்டாத இடத்தில் வைத்தலே உயிர் காக்கும் என்பதற்குச் சான்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணுக்கு எந்நேரமும் அழைத்து உதவி கேட்கலாம்.

சன்னி

நேற்றுவரை பத்திரிகை படித்து அரசியல் பேசிய முதியவர், இன்று மாலை தம் மகனை அறியாது மயங்குகின்றார்; சுவரிலே பூச்சி ஊர்வதாகக் காட்டுகின்றார்; இரவு முழுதும் உறங்காது எழுந்து, "வீட்டுக்குப் போவம்" என்கின்றார்; காலையிற் சிறிது தெளிந்து மீண்டும் மாலையில் மயங்குகின்றார். இதனை எம் முன்னோர் சன்னி என்றனர். இக்கால வைத்தியர் டெலிரியம் என்பர். இது மூளையிலே தோன்றுவதாயினும், இதன் வேர் பெரும்பாலும் உடம்பின் வேறிடத்திலேயே உளது.

சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளிக் காய்ச்சல், நீர் அருந்தாமையால் உடல் வறளுதல், நாட்பட்ட மலச்சிக்கல், இரத்தத்தில் உப்புக் குறைதல், நீரிழிவுக்கு மருந்துண்போர்க்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்தல், விழுந்து தலையடிபடுதல், சத்திரசிகிச்சை ஆகியன இதற்குக் காரணமாகலாம். முதியோர்க்குத் தொற்று வந்தவிடத்தும் காய்ச்சல் காயாதிருத்தல் உண்டு. மயக்கமே அதன் முதற்குறியாக அமைதலும் உண்டு. இனி, மருந்தே நோயாதலும் உண்டு. உறக்கத்துக்கென உண்ணும் மாத்திரையும், தடிமனுக்கென மருந்துக்கடையில் எளிதில் வாங்கும் குளோர்பெனிரமீன் போன்றவையும் முதியோர் மூளையைக் கலக்கவல்லன.

சன்னி கண்டவர் எல்லாரும் பிதற்றுவர் என்பதுமில்லை. சிலர் அசையாது, பேசாது, அரைத்தூக்கத்திற் கிடப்பர். "ஆள் அமைதியாய்க் கிடக்கிறார்" என வீட்டார் ஆறுதல் கொள்வர். இதுவே மிக எளிதில் தவறவிடப்படும் வகை. எவ்வகையாயினும், இது நாளை பார்க்கலாம் என ஒத்திவைக்கத்தக்கதன்று. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். போகும்போது அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் பையிலிட்டு உடன்கொண்டு செல்லல் வேண்டும். காரணத்தைக் கண்டு நீக்கினால் அறிவு பெரும்பாலும் மீளும்.

மறதிநோய்

மூன்றாவதாகிய மறதிநோயே டிமென்ஷியா எனப்படுவது. இதுவும் ஒரே நோயன்று. பல நோய்களின் விளைவாகிய ஒரு நிலை. அவற்றுட் பெரும்பான்மையது அல்ஸைமர் நோய். செர்மனி நாட்டு வைத்தியராகிய அலோயிஸ் அல்ஸைமர் என்பார், தாம் 1901 ஆம் ஆண்டிற் கண்ட 51 வயதுப் பெண்மணி ஒருவரின் நோயை அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, 1906 ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அப்பெண்மணியின் வயதை நோக்குமிடத்து, இது முதுமையின் இயல்பன்று, நோயே என்பது தெளிவாகும். மூளையின் உயிரணுக்களிடையே வேண்டாப் புரதங்கள் படிந்து, நினைவைப் பதிக்கும் பகுதியை முதலில் அழிக்கின்றன. இதற்கடுத்த வகை, குருதியமுக்கத்தாலும் நீரிழிவாலும் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் கெடுவதனால் வருவது.

புதிய நினைவு முதலிற் கெடுவதும் பழைய நினைவு நெடுநாள் நிலைப்பதும் இந்நோயின் இயல்பு. இத்தகையார் ஒருவர் சிவபுராணத்தைத் தொடக்கமுதல் முடிவுவரை பிழையின்றி ஓதுவார். ஓதி முடிந்தபின், காலையுணவு உண்டீர்களா என வினவினால் அறியார். இதனைக் கண்டு, "வேண்டுமென்று நடிக்கிறார்" என வீட்டார் சினத்தல் உண்டு. அவர் நடிக்கவில்லை. பழைய ஏடு இருக்கின்றது. புதிய ஏட்டில் எழுத்துப் பதியவில்லை.

சாவியை எங்கு வைத்தோம் என மறத்தல் யாவர்க்கும் உண்டு. சாவி எதற்கு என்பதை மறத்தலே நோயின் குறி. நாற்பது ஆண்டு நடந்த ஒழுங்கையில் வழிதவறுதல், காசு எண்ணத் தெரியாமற்போதல், பழகிய சமையலின் ஒழுங்கு மாறுதல், தாம் வைத்த பொருளைப் பிறர் களவாடினர் எனக் குற்றஞ்சாட்டுதல் ஆகியன கவனிக்கத்தக்கன. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றும் இல்லை; சிலர்க்குச் சில காலம் பயன்தரும் மருந்துகள் உள. அதனினும் பெரிது, உடனுறைவோர் இது நோயென அறிந்து நடத்தல். தவறான விடைக்கு வாதாடித் திருத்துதலை விட்டு, பேச்சை மெல்ல வேறொன்றன்பால் திருப்புதல். நாளாந்த ஒழுங்கை மாற்றாதிருத்தல். வீட்டினுள் இரவில் விளக்கொளி வைத்தல் முதலிய சிறு செயல்களே அவர்க்கு மருந்தாம்.

வருமுன் காத்தலும் ஓரளவு இயலும். 2024 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ ஏட்டின் அறிஞர்குழு, மாற்றத்தக்க காரணங்கள் பதினான்கினைத் தொகுத்து, அவை யாவும் நீங்குமாயின் மறதிநோயிற் பாதிக்குச் சிறிது குறைந்த பங்கினைத் தடுக்கவோ பின்தள்ளவோ கூடுமென உரைத்தது. அவற்றுள் இளமையிற் கல்வி குறைதல், நடுவயதிற் செவிப்புலன் கெடுதல், குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மதுமிகை, உடலுழைப்பின்மை, பார்வைக்குறை, தனிமை, மனச்சோர்வு ஆகியன அடங்கும். இளமையிற் பெறும் கல்வி முதுமையில் அறிவைக் காக்கும் கவசங்களுள் ஒன்று எனக் கண்டிருத்தல், கல்லூரி மலரொன்றிற் குறித்து வைக்கத்தக்க செய்தியன்றோ?

எப்போது தொடங்கியது?

இம்மூன்றினையும் ஐயமற வேறுபடுத்தல் வைத்தியரின் பணி. எனினும், எம்மனோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அறளை என்று சொல்லுமுன், "இது எப்போது தொடங்கியது?" என்று கேட்டல். மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வந்ததாயின் அது சன்னியாதல் கூடும். உடனே ஓடுதல் வேண்டும். கிழமைக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வந்ததாயின் மனச்சோர்வை நினைத்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததாயின் மறதிநோயை நினைத்தல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வருதலும் உண்டு என்பதை மறத்தலாகாது. பல்லாண்டு மறதிநோயுடையார் ஒருவர் ஒரே நாளில் மிகக் கெட்டால், அது மறதிநோயின் வளர்ச்சியன்று. சிறுநீர்த் தொற்றாயிருத்தல் கூடும்.

இவற்றைப்போலத் தோன்றும் வேறு சிலவும் உள. கேடயச் சுரப்பியின் சுரப்புக் குறைந்தால் அறிவும் உடலும் மந்தமுறும். விற்றமின் பி 12 குறைந்தாலும் நினைவு தளரும், கால் விறைக்கும். இச்சத்துத் தாவர உணவில் இல்லை. ஆதலின், சைவ உணவினராய்ப் பாலும் தயிரும் குறைத்துண்ணும் முதியோர், சிறப்பாக நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரையை நெடுங்காலம் உண்போர், இதனைப் பரிசோதித்தல் நன்று. செவி கேளாமையும் அறளையெனப் பெயர் பெறும். கேட்ட வினா காதில் விழாதவர் வேறு விடை கூறுதல் வியப்பன்று. அடைத்திருந்த காதுக்குடுமி நீங்கியதும் "அறளை தெளிந்தது" என வியந்த வீடுகளும் உள.

இம்மண்ணின் முதியோர்

மேற்கூறியவை எந்நாட்டு முதியோர்க்கும் பொது. எம் குடாநாட்டு முதியோர்க்கெனச் சிறப்பாயமைந்த துயரும் உண்டு. இன்று எழுபதும் எண்பதும் கடந்தோர், 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரைத் தம் வாழ்வின் நடுப்பகுதியிற் சுமந்தவர். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தோர் அவருள் அநேகர். பிள்ளைகளைப் புதைத்தோர் உளர். காணாமற்போன பிள்ளை வருவானென வாசலை நோக்கியிருப்போர் உளர். இறந்தாரென அழவும் இருக்கின்றாரென மகிழவும் இயலாத இத்துயர்க்கு முடிவு நாள் இல்லை. துயரெல்லாம் நோயன்று, அழவேண்டிய இழப்புக்கு அழுதல் மனித இயல்பு. ஆயின் உணவும் உறக்கமும் கெட்டு, நாட்பணிகள் நின்றுபோமாயின், அதற்கும் உதவி தேவை.

இனி, பிள்ளைகள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் நோர்வேயிலும் வாழ, பெரிய கல்வீட்டில் இருவரோ ஒருவரோ எஞ்சியிருத்தல் இன்று எங்கும் காணுங் காட்சி. பணத்துக்குக் குறையில்லை, கைத்தொலைபேசித் திரையில் பேரப்பிள்ளைகளின் முகமும் தெரியும். ஆயின் பேரனின் மொழி பாட்டனுக்கு விளங்காது. அழைப்பு முடிந்தபின் வீட்டில் எழும் அமைதியைத் திரையின் மறுபுறத்தார் காணார். இதனைக் குற்றமாகக் கூறவில்லை. போனவர்கள் போகவேண்டிய காரணத்தாற் போயினர். அவர் அனுப்பிய பணத்தால் இக்கல்லூரிக் கட்டடங்களும் எழுந்தன. உள்ளதை உள்ளவாறு கூறினோம்.

நாம் செய்யத்தக்கவை

வீட்டிலுள்ளோர் முதலிற் செய்யத்தக்கது, மாற்றத்தைக் கண்டவுடன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லல். விசர் என்னும் பெயர் வந்துவிடுமோ, சம்பந்தப் பேச்சுக் குழம்புமோ என்னும் அச்சத்தால் மறைப்பது இன்றும் உண்டு. அங்கொடைக்கு அனுப்புதலே உளநோய்க்குச் சிகிச்சை என்னும் காலம் போய்விட்டது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை முதலியவற்றில் உளமருத்துவப் பிரிவுகள் உள. பெரும்பாலான நோயாளர் வீட்டிலிருந்தவாறே சிகிச்சை பெறுகின்றனர். போரால் வந்த உளத்தாக்கங்களை எம்மவர்க்கு எடுத்து விளக்கிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் இம்மண்ணில் ஆற்றிய பணியை ஈண்டு நன்றியோடு நினைத்தல் தகும்.

அடுத்தது, பராமரிப்போரைப் பராமரித்தல். மறதிநோயுடையாரை இரவும் பகலும் காப்பவர் பெரும்பாலும் மருமகளோ, மணமாகாத மகளோ, தாமே முதியவரான மனைவியோ ஆவர். அவரும் சோர்வுறுவர், சினந்து பேசிப் பின் வருந்துவர். உறவினர் கிழமைக்கு ஒரு பிற்பகலேனும் வந்திருந்து அவரைக் கோயிலுக்கோ தமக்கை வீட்டுக்கோ போகவிடுதல் பெருந்தொண்டு.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர வழிசெய்துள்ளது. சட்டம் பணத்தைப் பெற்றுத்தரும். அருகிருக்கும் ஆளைப் பெற்றுத்தரமாட்டாது. அதற்கு ஊரே வேண்டும். கிராமந்தோறும் இயங்கும் முதியோர் சங்கங்களும், கோயில் மண்டபங்களும், வாசிகசாலைகளும் இதற்கு ஏற்ற இடங்கள்.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். உம் வீட்டுப் பாட்டனாரும் பாட்டியாரும் ஒரே கதையைப் பத்தாந் தடவை சொல்லினும், அதனை முதன்முறை போலக் கேளுங்கள். கேட்பதோடு அமையாது, எழுதியும் வையுங்கள். அவர்க்கு மருந்தும் உமக்கு வரலாறும் ஆகும். கடல்கடந்த பழைய மாணவர்க்கும் ஒன்று: கட்டடத்துக்குப் பணம் அனுப்புங்கால், உம் ஊரில் தனித்திருக்கும் பழைய ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை சென்று வர ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள்.

முடிபு

இனி, எம் கணித ஆசிரியரின் செய்திக்கு வருவோம். யாம் சென்று மீண்ட சில நாட்களின் பின், வைத்தியசாலைத் தாதியாகப் பணிபுரியும் அவர்தம் பெறாமகள் ஒருவர் அவ்வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கேட்ட முதல் வினா, "எப்ப தொடங்கினது?" என்பது. ஏழு மாதம் என்றனர். ஏழு மாதத்துக்கு முன் நிகழ்ந்தது யாது? ஆசிரியரின் மனைவியார் காலமாகியிருந்தார். வைத்தியரிடம் அழைத்துச் சென்றனர். மனச்சோர்வு எனக் கண்டனர். விற்றமின் பி 12 குறைந்திருந்தமையும் ஒரு செவி முற்றாய் அடைத்திருந்தமையும் வெளிப்பட்டன. மருந்து தொடங்கி மூன்றாம் மாதத்தில், ஒருநாள் பிற்பகல் ஓட்டோ ஒன்றில் அவர் தாமே கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் எம்மைக் கண்டதும் அவர் சொன்னது இது: "தம்பி, அண்டைக்கு நீர் வாசலிலை நிண்டுபோட்டுப் போயிட்டீர். நான் கண்டனான். ஒருக்கா இருந்திட்டுப் போயிருக்கலாம்."

யாம் தலைகுனிந்து நின்றோம். அவர் எம் தோளிற் கைவைத்து, அவ்வருடத்துப் பரீட்சை முடிவுகளைப் பற்றி வினவத் தொடங்கினார்.

புறநானூற்றிலே பிசிராந்தையார் என்னும் புலவர், ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குத் தாம் கூறும் காரணங்களை யாம் வகுப்பிற் பன்முறை கற்பித்துள்ளோம். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என அவர் எடுத்துக்கூறுவன யாவும் சூழவுள்ள மாந்தரே. மருந்தொன்றும் அப்பட்டியலில் இல்லை. இக்காலத்தில் மருந்தும் உண்டு. அதனை விலக்குதல் அறிவன்று. ஆயின் அம்மருந்து முதியவரைச் சென்றடைய வேண்டுமானால், அவர் வீட்டு வாசலிற் செல்பவர் ஒருவர் உள்ளே சென்று அமர்தல் வேண்டும்.

இம்மலரை வாசிக்கும் ஒவ்வொருவர்க்கும் தெரிந்த ஒரு வீடு இருக்கும். அங்கே விறாந்தையில் ஒருவர் சாய்ந்திருப்பார். விழா முடிந்ததும் அங்குச் செல்லுங்கள். படலையைத் திறந்து உள்ளே போய், ஒரு கதிரையை அவர் அருகில் இழுத்துப்போட்டு இருங்கள்.